“பேங்க்ல இருந்து பேசுறோம் சார்...” - பெரியப்பா யாரிடமும் ஓ.டி.பி-யைச் சொல்லவில்லை. ஆனாலும் பணம் போய்விட்டது!

‘ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று இதே பக்கத்தில் நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று கட்டுரைகளின் லிங்க்கையும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மூன்றுக்கும் முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியவர் என் பெரியப்பா.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபது நிமிடத்துக்குள் அவர் கணக்கிலிருந்து 63,800 ரூபாய் போய்விட்டது.

அவருக்கு 67 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ஊர்ப் பேர் மட்டும் போட்டுறாத பாப்பா” என்று கேட்டுக்கொண்டதால் ஊர் பெயரை எழுதவில்லை. மற்றதை எழுத அவரே சம்மதித்தார். பால் பாக்கெட் வாங்கிய கணக்கைக்கூட டைரியில் குறிப்பவர். ஏ.டி.எம்-மில் எடுத்த பணத்தை அங்கேயே நின்று இரண்டு முறை எண்ணுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் குடும்பத்தில் யார் ஏமாறுவார்கள் என்று வரிசைப்படுத்தச் சொன்னால், அவரைக் கடைசியில்தான் வைத்திருப்பேன். எனக்கும் பின்னால்.

அப்படிப்பட்டவர் எப்படி மாட்டினார் என்பதை, அவரை உட்கார வைத்து நிமிடம் நிமிடமாகக் கேட்டேன். அப்போதுதான் என் மூன்று கட்டுரைகளிலும் என்ன விட்டுப்போயிருந்தது என்று புரிந்தது.

“எனக்கும் சொல்லாதீங்க சார்!”

பெரியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். மணி பதினொன்று இருக்கும். மொபைல் எண்ணிலிருந்து அழைப்பு. அரைகுறைத் தமிழ் இல்லை. நல்ல, மரியாதையான தமிழ்.

“சார், உங்க டெபிட் கார்டோட கே.ஒய்.சி முடிஞ்சுடுச்சு. இன்னைக்கு சாயங்காலம் 4 மணியோட கார்டு பிளாக் ஆகிடும். நீங்க சீனியர் சிட்டிசன், வெயில்ல பிராஞ்சுக்கு அலைய வேணாம்னுதான் நாங்களே கூப்பிடுறோம்.”

பெரியப்பா உடனே நம்பிவிடவில்லை. “நீங்க பேங்க்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. அவர் பெயரைச் சொன்னார்கள். கிளையின் பெயரைச் சொன்னார்கள். “உங்க கார்டு நம்பர் இந்த ஆறு எண்லதானே சார் ஆரம்பிக்குது?” என்று ஆறு எண்களை வாசித்தார்கள். பெரியப்பா பர்ஸிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தார். அப்படியே இருந்தது!

இங்கே ஒரு விஷயம். கார்டில் உள்ள 16 எண்களில் முதல் ஆறு உங்களுக்கென்று கொடுக்கப்பட்டவை அல்ல. அவை எந்த வங்கி, எந்த வகை கார்டு என்பதைக் குறிப்பவை. அதே வங்கியில் அதே வகை கார்டு வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கும் அதே ஆறு எண்தான். பெயரும் போன் நம்பரும் நாம் கடைகளிலும், லோன் ஆப்களிலும், குலுக்கல் கூப்பன்களிலும் எழுதிக் கொடுத்தவை. கை மாறி எங்கெங்கோ போயிருக்கும். ஆக, நம்மைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்காக அவர் வங்கியில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. இதை அன்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும்தான்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“மீதி நம்பரை என்கிட்ட சொல்லாதீங்க சார். ஓ.டி.பி வரும், அதையும் யாருக்கும் சொல்லிடாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க, அது தப்பு. லைனை சிஸ்டத்துக்கு மாத்துறேன். பீப் சத்தம் வந்ததும் கீபேட்ல அழுத்துங்க, போதும்.”

லைன் மாறியது. கொஞ்ச நேரம் இசை. பிறகு வங்கியின் தானியங்கிச் சேவையில் கேட்பது போலவே ஒரு பெண் குரல், ‘தயவுசெய்து உங்கள் கார்டு எண்ணை உள்ளிடவும்’ என்றது. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று எண், கடைசியாக ஓ.டி.பி. எல்லாவற்றையும் அழுத்தினார். கீபேடில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு ஒலி உண்டு. மறுமுனையில் அதை எண்ணாகவே படித்துவிடலாம். வாயால் சொல்வதும் விரலால் அழுத்துவதும் ஒன்றுதான்.

“சொல்லக் கூடாதுன்னுதானே நீ எழுதியிருந்த? நான் சொல்லலையே பாப்பா. அழுத்தத்தானே செஞ்சேன்” என்றார் பெரியப்பா.

என்னிடம் பதில் இல்லை.

முதல் ஓ.டி.பி-யில் 24,900. “சரியா விழலை சார், இன்னொரு தடவை.” மறுபடியும் 24,900. “சர்வர் ஸ்லோவா இருக்கு, கடைசியா ஒரு முறை.” 14,000. ஒவ்வொரு ஓ.டி.பி குறுஞ்செய்தியிலும் எவ்வளவு தொகை, எங்கே போகிறது என்பது எழுதப்பட்டிருந்தது. பின்னர் நான் வாங்கிப் பார்த்தேன். ஆனால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது மெசேஜை யார் முழுசாகப் படிக்கிறார்கள்? திரையின் மேலே எட்டிப்பார்க்கும் ஆறு எண்கள் மட்டும்தான் கண்ணில் படும். நடுவில் வந்த ‘பணம் எடுக்கப்பட்டது’ மெசேஜ்களையும் அவர் பார்க்கவில்லை. “லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க சார், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான்காவது ஓ.டி.பி-க்குள், அரிசிப் பையோடு வந்த பெரியம்மா கேட்டைத் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். பெரியப்பா “ஒரு நிமிஷம் சார்” என்று போனை வைத்துவிட்டுப் போனார். கணக்கில் 7,240 ரூபாய் மிச்சமிருந்தது. ரேஷன் அரிசி காப்பாற்றிய பணம் அது.

யாரிடமும் சொல்லாத நான்கு நாள்

அரை மணி நேரத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால், வாயைத் திறக்கவில்லை. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் தனியாக வங்கிக்குப் போய், டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் பழைய சிநேகிதரின் மகன். எழுந்து வந்துவிட்டார். நான்காவது நாள், அண்ணன் ஏதோ பிரீமியம் கட்டுவதற்காக பாஸ்புக்கைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

“படிச்ச மனுஷன்தானே நீங்க?” இதுதான் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி. அண்ணன் அரை மணி நேரம் சத்தம் போட்டான். எனக்கு போன் வந்தபோது நானும், “பெரியப்பா, நான் அத்தனை தடவை...” என்றுதான் ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், இந்த மாதிரி மோசடியில் பணத்தைத் திரும்பப் பிடிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. நேரம். ஏமாற்றியவர்கள் பணத்தைத் தங்கள் சொந்தக் கணக்கில் வைத்திருப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இன்னும் நாலு கணக்குக்கு எனப் பிரித்து அனுப்பி, கடைசியில் ஏ.டி.எம்-மில் எடுத்துவிடுகிறார்கள். (சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகத் தங்கள் கணக்கை இப்படிக் கொடுத்துவிட்டு, போலீஸ் வந்து நிற்கும்போது விழிக்கும் கல்லூரி மாணவர்களும் உண்டு. ‘உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் குடு மச்சி’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.) பணம் இந்தக் கணக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடக்குவதற்காகத்தான் 1930 என்ற எண் இருக்கிறது.

1930 மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம் நடத்தும் தேசிய உதவி எண். இங்கே தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவு இதைக் கவனிக்கிறது. நீங்கள் அழைத்து, எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் என்ன என்று சொன்னால், சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கும் வாலட் நிறுவனங்களுக்கும் உடனே தகவல் போகும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சமிருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் தாவும். அன்றே ‘சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன்’ தளத்தில் புகாரையும் முழுமையாகப் பதிவு செய்துவிட வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப முயலுங்கள். அதற்குள் தளத்தில் பதிவைத் தொடங்கிவிடுங்கள். கூடவே வங்கியின் எண்ணுக்கும் அழைத்து கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

பெரியப்பா விஷயத்தில் நாங்கள் 1930-ஐ அழைத்தது நான்காவது நாள் இரவு. 63,800-ல் 3,150 ரூபாய் மட்டும் ஏதோ ஒரு கணக்கில் மிச்சமிருந்தது; அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமே சொல்லியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், சொல்லாததற்குக் காரணம் அவருக்கு 1930 தெரியாதது இல்லை. அந்த எண்ணும் என் கட்டுரையில் இருந்ததுதான். வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் காரணம்.

சைபர் மோசடிகளில் 2024-ல் மட்டும் இந்தியர்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எல்லா வகை மோசடியும் சேர்ந்த தொகை இது. அதுவும் புகாராகப் பதிவானது மட்டும். டோக்கன் எடுத்து உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவர்களின் கணக்கு அதில் இல்லை.

வங்கி பொறுப்பேற்குமா?

இதைத்தான் அண்ணன் முதலில் கேட்டான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை விளக்குகிறது. வங்கியின் தவறால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. வங்கியும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால், பாஸ்வேர்டு, ஓ.டி.பி போன்றவற்றை நீங்களே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகும் பணம் போனால்தான் அது வங்கியின் பொறுப்பு.

விரலால் அழுத்தியதும் கொடுத்ததாகத்தான் கணக்கு. ஆகவே, முதல் வேலை வங்கிக்குச் சொல்வது, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்வது. வங்கி 30 நாள்களில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே போய் நிற்கவும் அந்தப் புகார் எண் வேண்டும்.

இதையெல்லாம் செய்பவர்கள் யார்?

இந்த மோசடி என்றதும் ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2020-ல் வெப் சீரிஸே வந்துவிட்டது. அந்த மாவட்டத்தின் கர்மாட்டார் என்ற ஊர் போலி வங்கி அழைப்புகளுக்குப் பேர் போனது. வங்காளத்தின் சமூகச் சீர்திருத்தவாதி ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் தன் கடைசிக் காலத்தில் பல வருடங்கள் வாழ்ந்த ஊர் அது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு அவர் பெயர்தான். ஊரின் தலையெழுத்து!

ஆனால், ‘இந்தி வாடையோடு பேசினால் மோசடி’ என்ற நம் பழைய அடையாளம் இன்று உதவாது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி நம் ஊர் இளைஞர்களையே மியான்மர், கம்போடியா என்று கூட்டிப்போய், ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். 2022-ல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை வந்து இறங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எதிர்முனையில் பேசுவது நம் தமிழாகவே இருக்கலாம். குரலை வைத்து ஆளை எடைபோட முடியாது.

சரி, போன் வந்தால்?

வைத்துவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், ‘உன் எம்ப்ளாயி ஐ.டி என்ன?’ என்று மடக்கவும் வேண்டாம். பெரியப்பா மடக்கத்தான் பார்த்தார். பேசப் பேச அவர்களுக்குத்தான் லாபம்.

வைத்த பிறகு மனது அடித்துக்கொண்டால், உங்கள் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடாதீர்கள். ஒருவரிடம் தப்பித்து, தேடி எடுத்த போலி எண் வழியாக இன்னொருவரிடம் மாட்டியவர்கள் நிறைய. இணையதளம் பார்க்க வேண்டுமென்றால், முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா எனக் கவனியுங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபருக்குள் இந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதேபோல, வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். விளம்பர அழைப்புகள் என்றால் 140. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘ஹெட் ஆபீஸ்’ பேசினால், பேச்சைத் தொடர வேண்டிய அவசியமே இல்லை. 1600-லிருந்தே வந்தாலும், ஓ.டி.பி கேட்டால் அதே மரியாதைதான்.

வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ‘உதவி செய்கிறேன்’ என்று எனிடெஸ்க் மாதிரி ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார்கள். இறக்கி அனுமதி கொடுத்தால் உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவர்களுக்கும் தெரியும், ஓ.டி.பி-யைக் கேட்கவே தேவையில்லை. வங்கியின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே ஃபைல் இன்னும் மோசம். நிறுவினால் குறுஞ்செய்திகளையே திருப்பி எடுத்துக்கொள்ளும். ‘இன்னொருத்தர் லைன்ல வர்றார், மெர்ஜ் பண்ணுங்க’ என்பார்கள். நீங்கள் மெர்ஜ் செய்யும் அந்த அழைப்பு, வங்கியிலிருந்து ஓ.டி.பி-யை வாசிக்க வரும் தானியங்கி அழைப்பாக இருக்கும். ஸ்டாரும் ஹேஷும் போட்டு ஏதோ ஒரு கோடை டயல் செய்யச் சொன்னால், உங்கள் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்புகிறார்கள் என்று பொருள். தெரியாமல் செய்துவிட்டீர்களா? ##002# டயல் செய்தால் ஃபார்வர்டு எல்லாம் ரத்தாகும். யு.பி.ஐ பின் எண் என்பது பணம் கொடுக்க மட்டும்தான். ‘ரீஃபண்ட் வாங்க பின் போடுங்க’ என்றாலே பொய்.

எங்கள் வீட்டில் இப்போது சில மாற்றங்கள். பெரியப்பாவின் சேமிப்பு, கார்டு இல்லாத தனிக் கணக்கில் இருக்கிறது. கார்டு உள்ள கணக்கில் மாதச் செலவுக்கான பணம் மட்டும். ஆன்லைனில் வாங்கும் வசதியை வங்கி ஆப்பிலேயே அணைத்துவைத்திருக்கிறோம். எல்லா வங்கி ஆப்பிலும் இந்த வசதி உண்டு, தேவைப்படும்போது இயக்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான் என்னைக் குத்துகிறது. மூன்று கட்டுரை எழுதிய நேரத்தில் ஒரு முறை ஊருக்குப் போய் இதைச் செய்திருக்கலாம்.

இன்னொன்று, பெரியம்மா எடுத்த முடிவு. “இனிமே இந்த வீட்டுல யாருக்குப் பணம் போனாலும், முதல்ல அந்த நம்பருக்குப் போன். திட்டுறதெல்லாம் மறுநாள்.” ஃபிரிட்ஜ் கதவில் 1930 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். கீழே பால்காரர் நம்பர், கேஸ் நம்பர்.

பெரியப்பாவுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது எது தெரியுமா? பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைப்பது. எங்களோடு பேசும்போதும் “வேற என்ன... சரி, வைக்கட்டுமா? வெச்சிரட்டுமா?” என்று மூன்று முறை கேட்டுத்தான் வைப்பவர். எதிராளி பேசும்போது பாதியில் துண்டிப்பது அவர் அகராதியில் மரியாதைக் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கூப்பிட்டு, “சார், பேங்க்ல இருந்து பேசுறோம்” என்பேன். அவர் துண்டிக்க வேண்டும். முதல் மூன்று முறை “சரிம்மா, வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். பெரியம்மா பின்னால் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.

“பாப்பா, இன்னைக்கு ஒருத்தன் பேங்க்ல இருந்துன்னு போன் பண்ணான். பேரைச் சொன்னான், வெச்சிட்டேன்.”

“சூப்பர் பெரியப்பா!”

“அப்புறம் கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு அடிச்சுக் கேட்டேன். அப்படி யாரும் கூப்பிடலையாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

“ஏன் பாப்பா, ஒருவேளை நிஜமாவே பேங்க்காரங்களா இருந்திருந்தா, என்னைத் தப்பா நினைச்சிருப்பாங்களோ?”

“நினைச்சா நினைச்சுக்கட்டும் பெரியப்பா” என்றேன்.

“சரி... வைக்கட்டுமா?” என்றார்.